எம்டிடி-யில் 92 சதவீதம் வந்தால் நரம்புக்கு ஏற்றதா?

கேள்வி: கைட்டோசான், பாலிகேப்ரோலாக்டோன் என்ற இரண்டு பாலிமர்கள் கலந்த இழைச் சாரம் (செல்கள் பற்றி வளரும் சட்டகம்) ஒன்றை நரம்புச் சீரமைப்புக்காகச் செய்திருக்கிறேன். எல்929 செல்களில் எம்டிடி சோதனை (உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை வைத்து உயிர்ப்பை அளப்பது) செய்ததில் 92 சதவீதம் உயிர்ப்பு. நரம்புக்கு ஏற்றது என்று எழுதலாமா? ஐஎஸ்ஓ சான்றிதழே வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது.

பதில்: எழுத வேண்டாம். எல்929 என்பது சுண்டெலியின் இணைப்புத்திசு செல். அது சாகவில்லை என்றால் உங்கள் பொருளிலிருந்து பெரிய நஞ்சு கசியவில்லை, அவ்வளவுதான். மருத்துவப் பொருள்களின் செல் நச்சைச் சோதிக்கும் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-5 பார்ப்பதும் அதைத்தான்: உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. நரம்பு செல் உயிரோடு இருந்துகொண்டே ஒரு நீட்சிகூட விடாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும், எம்டிடி அதற்கும் பாஸ் மார்க் போட்டுவிடும்.

முதல் கட்டமாக நரம்பணு போல நீட்சி விடக்கூடிய பிசி12 செல்களுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்துப் பாருங்கள், கையாள எளிது; ஆனால் அது எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்தது என்பதால் அதோடு நின்றுவிடாமல், முதுகுவேர் முடிச்சு நரம்பணுக்களையும் நரம்பு இழைக்கு உறையிடும் ஷ்வான் செல்களையும் வளர்த்து, நரம்பணுக்களைக் காட்டும் பீட்டா-3 டியூபுலின் புரதத்துக்குச் சாயமிட்டு, நீட்சி எவ்வளவு நீளம், இழையின் போக்கிலேயே ஓடுகிறதா என்று அளந்து பாருங்கள். செல் ஒட்ட உதவும் லாமினின் புரதத்தைப் பூசினால் செல் ஒட்டியது லாமினினிலா, உங்கள் பொருளிலா? பூசாத சாரத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

ஒரு விதிவிலக்கு. மின்கடத்தலுக்காகக் கிராஃபீன் சேர்க்கும் எண்ணம் இருந்தால் எம்டிடி எண்ணையே நம்பாதீர்கள். செல் ஒன்றுகூட இல்லாமலே கிராஃபீன் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கிவிடும், கருவியும் 570 நானோமீட்டரில் அதை உயிர் என்று எண்ணிக்கொள்ளும். செல் இல்லாத வெறும் சாரத்துக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள். ஊதா வந்தால் எம்டிடியை விட்டுவிட்டு, உயிருள்ள செல்லை ஒளிரவைக்கும் கால்சீன் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இதைக் கேட்காமலே பார் சார்ட்டைப் பார்த்துத் தலையாட்டும் மதிப்பீட்டாளர்கள் இருக்கும்வரை இந்தக் கூத்து ஓயாது.

அப்புறம் அந்த ஏஜென்சி. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, அது தரநிலை எழுதுவதோடு சரி. ஆய்வகம் தருவது சோதனை அறிக்கை, அதுவும் நீங்கள் அனுப்பிய மாதிரிக்கு மட்டும். எந்த செல், எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது), எப்படிக் கிருமிநீக்கம் செய்தார்கள் என்று கேளுங்கள். 121 டிகிரி ஆட்டோகிளேவ் என்று பதில் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகிவிடும். மூல அளவீடுகளையும் படங்களையும் தர மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள்.