மாடியை ஒத்திக்கு விடச் சொல்கிறார் மச்சான்

கேள்வி: திருச்சி கே.கே. நகரில் சொந்த வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு ரூ.18 லட்சம் வீட்டுக் கடன் வாங்கி மாடியில் இரண்டு போர்ஷன் கட்டினேன். 15 வருடக் கடன், 8.75% வட்டி, இஎம்ஐ ரூ.18,000. வாடகை ஒன்றுக்கு ரூ.9,000, இன்னொன்றுக்கு ரூ.8,500. இரண்டுக்கும் பத்து மாத அட்வான்ஸ். ரூ.9,000 போர்ஷன்காரர் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார். அவருடைய ரூ.90,000 என் கையில் இல்லை. இதுவரை புதிதாக வருபவரிடம் வாங்கிப் பழையவருக்குக் கொடுத்துச் சமாளித்தேன். இப்போது பார்க்க வருகிறவர்கள் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் தர மாட்டேன் என்கிறார்கள். மனைவியின் அண்ணன் அந்த போர்ஷனை ரூ.7 லட்சத்துக்கு ஒத்திக்கு விடச் சொல்கிறார், ஆளும் அவரே பார்த்துத் தருவாராம். அதில் ரூ.5 லட்சத்தைத் தன் கடைக்குக் கொடுத்தால் மாதம் 2 வட்டி தருவதாகச் சொல்கிறார். முன்பு வாங்கிய ரூ.40,000 இன்னும் வரவில்லை. அட்வான்ஸைக் கொடுத்தது போக மிஞ்சும் ரூ.1 லட்சத்தை ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறிய நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டு மாதாமாதம் எஸ்டபிள்யூபி (ஃபண்டிலிருந்து ஒரு தொகையைத் தானாகத் திரும்ப எடுக்கும் முறை) எடுக்கலாமா? ஏற்கெனவே அதே மாதிரி ஃபண்டில் மாதம் ரூ.5,000 எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) போகிறது, ரூ.70,000 சேர்ந்திருக்கிறது. சம்பளம் ரூ.52,000. வாடகையை வருமான வரியில் காட்ட வேண்டுமா? காலி செய்பவரிடம் பெயின்ட் செலவைப் பிடிக்கலாமா?

- வாசகர், திருச்சி

பதில்: எந்த மாதிரிக் குடித்தனக்காரரை வைக்கலாம், வாடகையை எப்போது ஏற்றலாம் என்பதெல்லாம் மூன்று வருடத்தில் உங்களுக்கே அத்துப்படி ஆகியிருக்கும். அதை விட்டுவிடுகிறேன். கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி ஒன்றுதான்: “புதிதாக வருபவரிடம் வாங்கிப் பழையவருக்குக் கொடுத்துச் சமாளித்தேன்.” முதன்முதலில் வாங்கிய அட்வான்ஸ் அப்படியே இருந்திருந்தால் அடுத்தவர் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அந்தப் பணம் எங்கே போனது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து மாதம் ரூ.17,500, வருடத்துக்கு ரூ.2,10,000. இஎம்ஐ ரூ.18,000 என்பதால் “வாடகையே கடனைக் கட்டிவிடும், கையிலிருந்து ஐந்நூறு போட்டால் போதும்” என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் ஆள் மாறும்போது வீடு சும்மா கிடக்கும். போர்ஷனுக்கு வருடத்தில் ஒரு மாதம் என்று வைத்தால் ரூ.17,500 போச்சு. சொத்து வரி ரூ.6,000 என்று வைப்போம். மோட்டார் ரிப்பேர், குழாய், வெள்ளை அடிப்பது எல்லாம் சேர்த்து ரூ.14,500. மிச்சம் ரூ.1,72,000, மாதத்துக்கு ரூ.14,300 சொச்சம். இஎம்ஐக்கு மாதம் சுமார் ரூ.3,700 இடிக்கிறது. வருடத்துக்கு ரூ.44,000, மூன்று வருடத்துக்கு ரூ.1,32,000. அதோடு மச்சானுக்குக் கொடுத்த ரூ.40,000. கூட்டினால் ரூ.1,72,000. நீங்கள் வாங்கி வைத்திருக்க வேண்டிய அட்வான்ஸ் இரண்டும் சேர்த்து ரூ.1,75,000.

தொலைந்த பணம் கிடைத்துவிட்டது, பாருங்கள். சம்பளத்திலிருந்து போட வேண்டிய துண்டைக் குடித்தனக்காரர்களின் அட்வான்ஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது அவர்களிடம் நீங்கள் வாங்கிய வட்டியில்லாக் கடன். ஆள் காலி செய்யும் நாள்தான் அதற்குத் தவணை நாள், அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

வருகிறவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் தர மறுப்பதில் கோபப்படவும் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் கூடுதலாக வாங்க அதில் இடமிருக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ள ஆள் வேண்டுமே. பத்து மாதம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வீட்டை இரண்டு மாதம் பூட்டி வைத்தால் ரூ.18,000 நஷ்டம்.

சரி, ஒத்திக்கு வருவோம். ஒத்தியில் வாடகை கிடையாது, முழுத் தொகையும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதால் “வட்டியில்லாப் பணம்” என்று பலரும் நினைக்கிறார்கள். வட்டி உண்டு. நீங்கள் விட்டுக்கொடுக்கும் வாடகைதான் அந்த வட்டி. மாதம் ரூ.9,000, வருடத்துக்கு ரூ.1,08,000. ரூ.7 லட்சத்துக்கு இது 15.4%. வீடு காலியாகக் கிடப்பதையும் ரிப்பேரையும் கழித்து ரூ.90,000 என்று வைத்தாலும் 13 சதவிகிதத்துக்கு ஒட்டி வருகிறது. 8.75 சதவிகிதத்துக்குப் பேங்க் கடன் வைத்திருப்பவர் எதற்காக 13, 15 என்று இன்னொரு கடன் வாங்க வேண்டும்? ரூ.1,08,000 வாடகையை விடுவதற்கு 8.75% கணக்கில் பார்த்தால் ஒத்தித் தொகை ரூ.12 லட்சத்துக்கு மேல் வர வேண்டும். ரூ.9,000 வாடகை வீட்டுக்கு அதை யார் தருவார்கள்?

அடுத்த மாதத்திலிருந்து ரூ.18,000 இஎம்ஐக்கு எதிரே ரூ.8,500 மட்டும் நிற்கும். மூன்று வருடம் கழித்து ஒத்திக்காரர் ரூ.7 லட்சம் கேட்பார். ரூ.90,000-த்துக்கே தடுமாறுகிறீர்கள், அன்றைக்கு என்ன செய்வீர்கள்? இன்னொரு ஒத்திக்காரரைத் தேடுவீர்கள். அதே பழக்கம், எட்டு மடங்கு பெரிதாக.

மச்சான் தருவதாகச் சொல்லும் மாதம் 2 வட்டி என்றால் ரூ.5 லட்சத்துக்கு ரூ.10,000, வாடகையைவிட ஆயிரம் அதிகம். உங்களை இழுத்தது இந்த ஆயிரம்தான் என்று தோன்றுகிறது. வருடத்துக்கு 24% கட்டக்கூடிய கடைக்குப் பேங்க் ஏன் அதில் பாதி வட்டிக்குக்கூடத் தரவில்லை என்று யோசித்தீர்களா? முன்பு வாங்கிய ரூ.40,000-த்தையே இன்னும் திருப்பாதவர் மாதா மாதம் ரூ.10,000 எடுத்து வைப்பாரா? அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கடையில் பணம் சுற்றவில்லை, அவ்வளவுதான்.

பெண் கொடுத்த வீட்டு மூத்தவரிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம், தெரியும். நல்லவேளையாக உங்களிடம் உண்மையான காரணமே இருக்கிறது. வீட்டுப் பத்திரம் பேங்கில் அடமானத்தில் இருக்கிறது. அடமானத்தில் இருக்கும் வீட்டின் பேரில் பேங்க் சம்மதம் இல்லாமல் இன்னொரு பொறுப்பை ஏற்றக் கடன் ஒப்பந்தங்கள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. முறையான ஒத்தி என்பது சுவாதீன அடமானம் (பணம் கொடுத்தவர் வசம் வீட்டையே ஒப்படைக்கும் அடமானம்), பத்திரப் பதிவு செய்ய வேண்டியது. வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. அப்புறம், ரூ.20,000 அல்லது அதற்கு மேல் கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரித் துறை அதே அளவு தொகையை அபராதமாகக் கேட்கலாம். ஒத்திப் பணம் பெரும்பாலும் மஞ்சப் பையில்தான் வருகிறது. “பேங்க் ஒத்துக்காது மச்சான்” என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். இதை அவரிடம் சொல்வதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் பேச்சு வேறு திசையில் போகும்.

இனி ரூ.90,000-த்துக்கு வழி. புதிதாக வருபவரிடம் மூன்று மாத அட்வான்ஸ், ரூ.27,000 வாங்குங்கள். பழைய பழக்கத்தை இந்த ஒரு முறை மட்டும் அனுமதிக்கிறேன், மனசில்லாமல். மீதி ரூ.63,000. அது உங்கள் எஸ்ஐபியில் இருக்கிறது. ஒரு வருடம் முடியாத யூனிட்டுகளுக்குப் பொதுவாக 1% பிடிப்பார்கள், சில நூறு ரூபாய் போகும், போகட்டும். ஸ்மால்கேப் இப்போது விற்கும் நேரமா என்று கேட்காதீர்கள். குடித்தனக்காரர் பணத்தைச் செலவழித்துவிட்டு உங்கள் பேரில் முதலீடு செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் அந்த ரூ.70,000. எடுத்துக் கொடுத்துவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது.

எஸ்டபிள்யூபி பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஸ்மால்கேப் ஃபண்ட் ஒரு வருடத்தில் 30% இறங்கியும் இருக்கிறது. இறங்குகிற ஃபண்டிலிருந்து மாதா மாதம் எடுத்தால் முதலே கரையும். எஸ்டபிள்யூபியைப் புகழ்ந்து ரீல்ஸ் போடுகிறவர் உங்கள் ஒத்திக்காரருக்குப் பதில் சொல்ல வரமாட்டார்.

எஸ்ஐபியை நிறுத்திவிட்டு அந்த ரூ.5,000-த்தைத் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். புதியவரின் ரூ.27,000 பழையவருக்குப் போய்விடுவதால், அதையும் இன்னொரு குடித்தனக்காரரின் ரூ.85,000-த்தையும் சேர்த்து ரூ.1,12,000 அங்கே இருக்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், மச்சானுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதும் தெரிய வேண்டாம். இஎம்ஐக்கு இடிக்கும் ரூ.3,700-ஐ இனி சம்பளத்திலிருந்தே போடுங்கள். ரூ.52,000-இல் அது முடியும்.

வாடகையை வரிக் கணக்கில் காட்டித்தான் ஆக வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. காலியாகக் கிடந்த மாதங்களையும் கட்டிய சொத்து வரியையும் கழித்தால் சுமார் ரூ.1,86,500. ரசீது எதுவும் கேட்காமல் அதில் 30% கழிவு உண்டு, மிச்சம் ரூ.1,30,000 சொச்சம். கடன் வட்டி இந்த வருடம் ஏறக்குறைய ரூ.1,37,000 வரும். வாடகைக்கு வரியே வராது, புதிய வரி முறையிலும் இதே கணக்குதான். மறைப்பதால் ஒரு பைசா லாபமில்லை.

பெயின்ட் செலவு: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பிடிக்கலாம். வாய்ப்பேச்சுதான் என்றால், சாதாரணமாகப் புழங்கி மங்கிய சுவருக்குப் பிடிக்காதீர்கள். ஆணி அடித்துப் பெயர்த்த இடம், கட்டாத கரண்ட் பில் இவற்றுக்கு மட்டும் கணக்கெழுதிக் காட்டிக் கழித்துக்கொண்டு, மீதியைப் பேங்க் மூலம் அனுப்புங்கள். புதியவர் வரும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள், பெயின்டுக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சாவியைக் கொடுக்கும் அன்று மீட்டர் ரீடிங்கையும் நான்கு சுவரையும் போனில் படம் எடுத்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.