இரண்டு தெருவுக்கும் வாசல் உள்ள வீடு

வணக்கம் ஐயா,

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பச்சிக்கு வயது 71. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று மதுரையில் தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, உள்ளே சூடு வைத்தார்கள். முடிந்ததும் டாக்டர் திரையில் இதயத்தின் படத்தைக் காட்டினார். பெரும்பகுதி ஊதா, ஒரு ஓரத்தில் சிவப்பு. சிவப்பில் மின்னழுத்தம் குறைவு, அங்கே தசை கெட்டு வடுவாகிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்ததும் என் தம்பி, "அதெல்லாம் கம்ப்யூட்டர் போடும் கற்பனைப் படம்" என்கிறான். இதயத்தின் மின் அலைகளைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிவப்பு நிஜமா? நான் காரைக்குடியில் வேதியியல் படித்தவள். கொஞ்சம் விளக்கமாகவே சொல்லலாம்.

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சிக்கு,

அப்பச்சி நன்றாகத் தேறிவர வேண்டும். உங்கள் தம்பி சொன்னது பாதி சரி. கதீட்டர் தொட்ட இடங்களில் கிடைத்தது நிஜமான அளவு. தொடாத இடங்களுக்கு, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிறம் பூசியது கம்ப்யூட்டர். ஆனால் எனக்குக் கவலை அந்தப் பூச்சில் இல்லை. தொட்ட இடத்தில் கிடைத்த எண்ணையே தப்பாகப் புரிந்துகொள்ள முடியும் என்பதில்தான்.

உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். சாமி புறப்பாட்டன்று அப்படி ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். முன்தெருவில் வருகிறதா, பின்தெருவில் போகிறதா? பக்கத்தில் ஒற்றை நாயனமா, தள்ளி ஒரு பெரிய மேளமா? காதுக்கு வருவது எல்லாம் கலந்த ஒரே சத்தம். கதீட்டருக்கும் அதே நிலைமைதான். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஓடும் கரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் அதை வைத்தால், இரண்டு அறைகளின் மின் அலையும் திரையில் ஒரே கோட்டில் வந்து விழும்.

ஒற்றை மின்வாயின் (எலக்ட்ரோடின்) மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க முடியாது என்று படித்திருப்பீர்கள். அதற்காகத்தானே ஒப்பிட்டு அளக்கத் திட்ட ஹைட்ரஜன் மின்வாயை வைத்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் செக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகத்தில் கரைசலுக்குள் மின்வாய் இறக்குகிறவர்களுக்கு உள்ள அதே கட்டாயம் இதயத்துக்குள்ளும் உண்டு. அதனால் கதீட்டரில் இரண்டு மின்வாய்களைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறார்கள். தூரத்து அலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும், கழித்தால் போய்விடும். பக்கத்து அலை மட்டும் மிஞ்சும். நல்ல தந்திரம்தான்.

ஆனால் பக்கத்து அலையே இரண்டு மின்வாய்களையும் ஒரே கணத்தில் தொட்டால் என்ன ஆகும்? அதுவும் கழிந்துபோகும். தசை ஆரோக்கியமாக இருக்கும், திரையில் சிறு நெளிவுகூட வராது. மேலறையில் 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் சிவப்பு என்று எல்லை வைத்திருந்தால், நல்ல தசைக்கும் சிவப்பு விழும்.

இது எப்படித் தெரியும்? உயிரோடு இருக்கும் இதயத்தில் எது வடு, எது நல்ல தசை என்று வெட்டிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. கணினியில் வழி இருக்கிறது, ஏனென்றால் அங்கே வடுவை வைப்பதே நாங்கள்தான். இதயச் சுவரைக் கால் மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் சோடியம், கால்சியம், பொட்டாசியம் அயனிகள் செல்சவ்வைக் கடக்கும் கணக்கு ஓடும். 1952இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கணவாய் மீனின் நரம்புக்கு எழுதிய சமன்பாடுகள்தான் இதற்குத் தாய். அவற்றை 1960இல் உடலியல் விஞ்ஞானி டெனிஸ் நோபிள் இதயச் செல்லுக்கு ஏற்றபடி மாற்றிக் கணினியில் ஓட்டினார். கணக்குக்குள் துடிப்பு தானாகவே எழுந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஒரு துண்டில் சோடியம் உள்ளே பாய்ந்தால் அது பக்கத்துத் துண்டை எழுப்பும், அலை நகரும். அந்தந்தக் கணத்தில் ஒவ்வொரு துண்டின் மின்னோட்டத்தையும் மின்வாயிலிருந்து அதன் தூரத்தால் வகுத்துக் கூட்டினால், கதீட்டர் காணும் கோடு கிடைத்துவிடும். இனி நம் இஷ்டம். வடுவே இல்லாத ஒரு தசைத் தகட்டில் அலையை இரண்டு மின்வாய்களின் வரிசையிலேயே ஓடவிட்டால் உயரமான கோடு. அதே அலையைக் குறுக்காகத் திருப்பினால் கோடு படுத்துவிடும். தசையில் எதையும் மாற்றவில்லை, திசையை மட்டும்தான் மாற்றினோம். அப்புறம் வடுவான நார்த்திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பார்ப்போம். அலை சந்து சந்தாக வளைந்து போக, கோடு பல முனைகளாக உடையும். எந்த உடைவு வடுவால் வந்தது, எது மின்வாயின் இடைவெளியால் வந்தது என்று அங்கேதான் பிரித்துப் பழக முடிகிறது.

இந்தக் கணக்குக்கும் ஓட்டை உண்டு. அப்பச்சியின் இதயத்தில் தசைநார்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது முழுதாக யாருக்கும் தெரியாது. அதனால் கணினியில் செய்த இதயம் அவருடைய இதயத்துக்கு ஈடாகாது. அது கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். படம் எடுத்தபோது துடிப்பு சீராக இருந்ததா, தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்ததா? தாறுமாறான நேரத்தில் மின்னழுத்தம் பொதுவாகக் குறைவாகவே பதியும், சிவப்பு கூடும். அடுத்தது, ஒரே வரிசை மின்வாயால் அளந்தார்களா, இரண்டு திசையிலும் அளந்தார்களா? இப்போது 16 மின்வாய்களைச் சதுரக் கட்டமாக வைத்த கதீட்டர்களும் உண்டு. நெடுக்கிலும் குறுக்கிலும் பார்த்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு திசையிலும் சிவப்பாகவே இருந்தால் அந்தச் சிவப்பைப் பெரும்பாலும் நம்பலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பச்சிக்கு வந்தது மேலறை நடுக்கமாக இருந்தால், முதல் முறை சூடு வைப்பது பெரும்பாலும் நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் சேரும் வாயைச் சுற்றித்தான். கோளாறைத் தூண்டும் துடிப்புகள் அங்கிருந்து கிளம்புவதை மருத்துவர் ஹைசகேரின் குழுவினர் 1998இல் பிரான்சின் போர்தோவிலிருந்து காட்டிய பிறகு வந்த வழக்கம் அது. அந்தச் சூடு சிவப்பை நம்பி வைப்பதல்ல. ஆகவே படத்தில் சந்தேகம் என்பதால் வைத்தியமே தப்பாகிவிட்டது என்று தம்பி பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தால், டாக்டர் சொல்லாமல் அதை ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.