சட்டக் கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லிடம் என்ன கேட்பது? – கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துச் சட்ட மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் புதுச்சேரியில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். தான் படித்த சட்டக் கல்லூரியின் வேலைவாய்ப்புக் குழுவுக்கு (பிளேஸ்மென்ட் செல்) முன்னாள் மாணவி என்ற முறையில் உதவி வருகிறார்.

அக்கா, எங்கள் காலேஜில் பிளேஸ்மென்ட் செல் என்று ஒரு அறை இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியும் வருவதில்லை. அங்கே போய் என்ன ஆகப்போகிறது? (நான்காம் ஆண்டு மாணவி, லாஸ்பேட்டை)

கம்பெனி வரும், வரிசையில் உட்காருவோம், மாலையில் ஆஃபர் கிடைக்கும் என்பதெல்லாம் இன்ஜினியரிங் காலேஜ் கதை. சட்டத்தில் அப்படி நடப்பது பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில்தான், அதுவும் பெரிய லா ஃபர்ம்களுக்கு. நம் பக்கம் ஜூனியர் தேவைப்படும் சீனியர் விளம்பரம் கொடுப்பதில்லை. தெரிந்தவரிடம் "நல்ல பையன், பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க" என்பார், அவ்வளவுதான். அந்தத் தெரிந்தவரின் வாயில் உங்கள் பெயர் வரவேண்டும். அந்த அறைக்குப் போவது அதற்குத்தான்.

போய் "வேலை இருக்கா சார்?" என்று கேட்டால் "வந்தா சொல்றேம்மா" என்பதுதான் பதில். குறிப்பாகக் கேளுங்கள். "நம் காலேஜில் படித்து பேங்கில் சட்ட அதிகாரி ஆனவர் யாராவது உண்டா? அவரிடம் பேச முடியுமா?" "நெய்வேலி என்எல்சி சட்டப் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதப் போகிறேன், முதல்வர் கையெழுத்துடன் கடிதம் தருவீர்களா?" இப்படிக் கேட்டால் பொறுப்பில் இருக்கும் பேராசிரியருக்கும் எதைத் தேடித் தரவேண்டும் என்று தெரியும். பொதுத்துறை அலுவலகம், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு போன்ற இடங்களுக்கு நீங்களாக மெயில் அனுப்புவதும், கல்லூரிக் கடிதத்தோடு போவதும் ஒன்றல்ல. அந்தக் கடிதம் ஒன்றுக்காகவே இரண்டாம் ஆண்டிலிருந்து அங்கே முகம் காட்டி வைக்கலாம். கடைசி செமஸ்டரில்தான் எல்லோரும் கூட்டமாகப் போய் நிற்கிறார்கள்.

அப்படி ஒரு முன்னாள் மாணவரின் நம்பர் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். என்ன பேசுவது? எனக்குக் கை நடுங்குகிறது. (மூன்றாம் ஆண்டு மாணவர், திருப்பாதிரிப்புலியூர்)

எல்லோருக்கும் நடுங்கும் தம்பி. முதலில் போன் வேண்டாம், மெசேஜ் போடுங்கள். காலை பத்தரைக்கு மேல் அனுப்பினால் அவர் கோர்ட்டில் இருப்பார், மாலைக்குள் அது கீழே போய்விடும். இரவு எட்டு மணி வாக்கில் நாலு வரி போதும்: யார், எந்த ஆண்டு, யார் நம்பர் கொடுத்தார், எந்தத் தேதிகளில் வரமுடியும். "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதினால் யாரும் படிப்பதில்லை.

அவரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலவரம் பார்க்கும் இடத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டும் தேடலாம். அவர் நடத்தும் வழக்குகள் வரும். பாகப்பிரிவினையா, செக் மோசடியா, மோட்டார் விபத்தா, எது அதிகம் என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். என்னிடம் வந்த ஒரு பெண், "மேடம், உங்களுக்கு ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ் (ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லும்) வழக்குகள் நிறைய இருக்கு. 2018 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் வாதாடுவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளுடைய மார்க் ஷீட்டை நான் புரட்டவில்லை.

இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம் கட்டாயம்? டைரி எழுதச் சொல்கிறார்கள், அது சும்மாதானே? (இரண்டாம் ஆண்டு, மூன்றாண்டுப் படிப்பு, மஞ்சக்குப்பம்)

வழக்கறிஞர்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் போகக்கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும்.

டைரி சும்மா இல்லை. "இன்று நீதிமன்றம் சென்றேன், மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று முப்பது நாளும் எழுதுகிறவர்களுக்குத்தான் அது சும்மா. நீங்கள் இப்படி எழுதுங்கள்: "சொத்து வழக்கு. பிரதிவாதி 30 நாளில் எதிர்வழக்குரை தாக்கல் செய்யவில்லை. இன்னொரு வாய்தா கேட்டார். வாதி தரப்பு எக்ஸ்பார்ட்டி ஆக்க (பிரதிவாதி இல்லாமலே வழக்கை நடத்த) சொன்னது. நீதிபதி செலவுத்தொகையோடு கடைசி வாய்ப்பு கொடுத்தார்." அப்புறம் சிவில் நடைமுறைச் சட்டம் 8-வது கட்டளையைப் பார்த்து, எதிர்வழக்குரைக்கு அதிகபட்சம் 90 நாள் என்ற வரம்பு நடைமுறையில் எப்படி நெளிகிறது என்று இரண்டு வரி. கட்சிக்காரர் பெயர்களை அடித்துவிட்டு அந்த நாலைந்து பக்கத்தை நேர்காணலுக்குக் கொண்டு போங்கள். பயோடேட்டாவைவிட அதைத்தான் வாங்கிப் படிப்பார்கள்.

இன்னொன்று, குமாஸ்தாவோடு இரண்டு நாள் சுற்றுங்கள். பிராது (வழக்கு மனு) ஏன் ரிட்டர்ன் ஆகிறது, கோர்ட் ஃபீ எங்கே குறைந்தது, நகல் மனு எந்த செக்‌ஷனில் கொடுப்பது, இதெல்லாம் எந்த வகுப்பிலும் வராது.

மேடம், நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வீட்டில் வக்கீல் யாரும் கிடையாது. பயோடேட்டாவில் போட ஒன்றுமே இல்லை. (பண்ருட்டி)

பழைய கையெழுத்துப் பத்திரம் படிக்கத் தெரியுமா? வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வைத்துக்கொண்டு சர்வே நம்பர் எங்கே மாறுகிறது என்று பிடிப்பீர்களா? தெரிந்தால் அதை முதல் வரியில் போடுங்கள். வீட்டுக்கடனுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதும் பேங்க் பேனல் வழக்கறிஞர்கள் இந்தத் திறமைக்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆங்கில மீடியம் பிள்ளைகள் பலர் "மேற்படி சொத்துக்கு சகபாகஸ்தராகிய" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

புதுச்சேரியில் இன்னொரு வழியும் உண்டு. 1954-க்கு முந்தைய, பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பத்திரங்கள் பல பிரெஞ்சில் இருக்கும். இங்கே அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. அடிப்படை தெரிந்தாலே சில அலுவலகங்களில் தனி மதிப்பு. ஆங்கிலத்துக்குத் தினம் ஒரு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, சத்தம் போட்டுப் படியுங்கள்.

என் பையன் அடுத்த வருடம் முடிக்கிறான். சீனியரிடம் சேர்ந்தால் சம்பளமே கிடையாது என்கிறார்களே, உண்மையா? (தந்தை, நெல்லிக்குப்பம்)

முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது ஐயா. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில்தான், ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்றது. அதன்படி தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000. எல்லோரும் கொடுக்கிறார்களா? இல்லை. ஆனால் கேட்பதற்கு இப்போது ஒரு பிடிமானம் இருக்கிறது. சேரும் முன்பே பையன் கேட்டுவிடட்டும், கூச்சம் வேண்டாம்.

வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125.

நான் நீதிபதி தேர்வு எழுதப்போகிறவள். எனக்கு எதற்கு பிளேஸ்மென்ட் செல்? (இறுதியாண்டு, முத்தியால்பேட்டை)

உங்களுக்குத்தான் கட்டாயம் வேண்டும். 2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி பதவிக்கு 3 ஆண்டு பிராக்டிஸ் வேண்டும் என்றது. நீதிபதிகளிடம் லா கிளார்க்காக (சட்ட ஆராய்ச்சி உதவியாளராக) இருந்த காலமும் கணக்கில் வரும். எனவே அந்த மூன்று வருடம் யாரிடம் இருக்கப் போகிறீர்கள் என்பது இப்போதே முடிவாக வேண்டும். உயர் நீதிமன்றத்தின் ஆராய்ச்சி உதவியாளர் அறிவிப்பு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி சட்டப் பாதுகாப்பு வழக்கறிஞர் பதவி (அனுபவம் 0 முதல் 3 ஆண்டு வரை உள்ளவர்களுக்கானது) இரண்டையும் கவனித்துச் சொல்லும்படி செல்லில் சொல்லி வையுங்கள். அறிவிக்கை வந்ததும் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

பணம் கட்டினால் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் தருகிறார்கள். வாங்கலாமா? (வில்லியனூர்)

வேண்டாம். நேர்காணலில் "அங்கே என்ன டிராஃப்ட் செய்தீங்க?" என்று ஒரே கேள்வியில் சாயம் போய்விடும்.

மே மாத லீவில் கடலூர் கோர்ட்டில் ஒரு சிவில் வக்கீலிடம் இன்டர்ன்ஷிப் போடலாம் என்று இருக்கிறேன். சரியா? (முதலாமாண்டு)

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறைப்பா! போனால் பூட்டிய ஹாலைத்தான் பார்ப்பாய். மே என்றால் கிரிமினல் வக்கீலைப் பிடி. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும், ஜாமீன் மனு, ரிமாண்ட் எல்லாம் பார்க்கலாம். சிவில்தான் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் பாதியில் வாங்கிக்கொள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் முடித்துவிடு. கல்லூரிக் கடிதத்துக்கு நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடு.