நீக்கி நிறுவியும் திறக்காத லிப்ரேஆஃபிஸ்: கோளாறு எங்கே?

கேள்வி: அலுவலகத்தில் விண்டோஸ் மடிக்கணினி, வீட்டில் உபுண்டு லினக்ஸ். இரண்டிலும் லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். சில நாட்களாக விண்டோஸில் ஐகானைச் சொடுக்கினால் தொடக்கப் படம் வந்து மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன், அப்போதும் அதே நிலைதான். உபுண்டுவில் ஒரு தொந்தரவும் இல்லை. என் கோப்புகள் போய்விடுமா? எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

பதில்: கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் எங்கே சேமித்தீர்களோ அங்கேதான் இருக்கின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். அதுவரை எதையும் அழித்துவிடாதீர்கள்.

நீக்கி நிறுவியும் பலன் இல்லாமல் போனதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. மென்பொருள் ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் அமைப்புகள், நீட்சிகள் (கூடுதலாகச் சேர்க்கும் வசதிகள்), அகராதியில் நீங்கள் சேர்த்த சொற்கள், மேக்ரோக்கள் எல்லாம் பயனர் சுயவிவரம் எனப்படும் வேறொரு கோப்புறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கும்போது இந்தக் கோப்புறையை யாரும் தொடுவதில்லை. புதிதாக நிறுவியதும் அதே பழைய சுயவிவரத்தைத்தான் அது மறுபடி படிக்கிறது. பழுது அதில் இருந்தால் எத்தனை முறை நிறுவினாலும் மாற்றம் இருக்காது. பதிப்பு மாறினாலும் இதே நிலைதான்: அந்தக் கோப்புறை இருக்கும் பாதையில் உள்ள 4 என்ற எண், பதிப்பு 5, 6, 7 என்று ஏறி 25-ஐத் தொட்ட பிறகும் மாறவே இல்லை. உபுண்டுவில் இருப்பது தனிச் சுயவிவரம். அதனால்தான் அங்கே சிக்கல் இல்லை.

முதலில் எளிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய முறை சரியாக மூடாமல் பின்னணியில் தொங்கிக்கொண்டிருக்கிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீடெயில்ஸ் பகுதியில் எஸ்ஆஃபிஸ் என்று தொடங்கும் பெயர்களைத் தேடுங்கள். டாட் பின், டாட் இஎக்ஸ்இ என முடியும் இரண்டு இருக்கக்கூடும். இரண்டையும் நிறுத்திவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பழைய இயக்கம் பதில் சொல்லாமல் உறைந்திருந்தால், புதிய சொடுக்கு அதனிடமே போய்ச் சேர்ந்து திரையில் எதுவும் வராமல் போகும்.

அப்படி எதுவும் ஓடவில்லை என்றால் லிப்ரேஆஃபிஸின் சேஃப் மோட் (விண்டோஸின் சேஃப் மோட் அல்ல). பலருக்கு இது இருப்பதே தெரிவதில்லை, ஆனால் 5.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் லிப்ரேஆஃபிஸ் கோப்புறைக்குள் அதற்கென்றே ஒரு குறுக்குவழி இருக்கும். இந்த முறையில் திறக்கும்போது உங்கள் சுயவிவரம் ஒதுக்கப்பட்டு, தற்காலிகமாக ஒரு புதிய சுயவிவரம் பயன்படுகிறது; வன்பொருள் முடுக்கமும், அதாவது திரையில் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் வன்பொருளிடம் விடுவதும், அணைக்கப்படுகிறது. நாம் இங்கே தேடுவது ஒரே பதிலைத்தான்: சேஃப் மோடில் திறக்கிறதா, இல்லையா? திறந்தால் மென்பொருள் நன்றாக இருக்கிறது, பழுது சுயவிவரத்திலோ கிராஃபிக்ஸ் டிரைவரிலோ இருக்கலாம். திறக்காவிட்டால் பழுது மென்பொருளிலோ, இயங்குதளத்திலோ இருக்கலாம்.

சேஃப் மோட் உரையாடல் பெட்டியில் சில வழிகள் தெரியும். அவற்றை மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். கடைசியாகத் தெரிந்த நல்ல நிலைக்குச் சுயவிவரத்தைத் திருப்புவது முதலாவது. நீட்சிகள் அனைத்தையும் முடக்குவதும், வன்பொருள் முடுக்கத்தை அணைப்பதும் அதற்கு அடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு சாதாரணமாகத் திறந்து பாருங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் டிக் செய்துவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முழுச் சுயவிவரத்தையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வழி கடைசியில் இருக்கிறது. அதை இப்போது அழுத்தாதீர்கள்.

நான் சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. சுயவிவரத்துக்குள் பேக்கப் என்றொரு உள்கோப்புறை இருக்கிறது. தானியங்கி மீட்புப் பிரதிகள் வழக்கமாக அங்கேதான் போய்ச் சேருகின்றன. கடைசியாக மென்பொருள் நின்றுபோனபோது சேமிக்காத வேலை ஏதாவது இருந்திருந்தால், அதன் ஒரே பிரதி அங்கே இருக்கலாம். அதனால்தான் சுயவிவரத்தை அழிக்கச் சொல்பவர்களின் அறிவுரையை நான் ஏற்பதில்லை. பெயரை மாற்றினாலே போதும், அதே பலன் கிடைக்கும்.

செய்யும் முறை இது. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், இருபுறமும் சதவீதக் குறியிட்டு அடித்து எண்டர் தட்டுங்கள். லிப்ரேஆஃபிஸ் கோப்புறை, அதற்குள் 4, அதற்குள் யூசர். அந்த யூசர் கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். லிப்ரேஆஃபிஸை இப்போது திறந்தால் புதிய யூசர் கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

திறந்துவிட்டால், மூடிவிட்டுப் பழைய கோப்புறையிலிருந்து வேண்டியதை மட்டும் புதியதற்குக் கொண்டுவாருங்கள். வேர்ட்புக்கில் உங்கள் சொற்கள் இருக்கின்றன, டெம்ப்ளேட்டில் வார்ப்புருக்கள், பேசிக்கில் மேக்ரோக்கள். ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ் என்று நீளமான பெயருடன் ஒரு கோப்பு இருக்கும், அதை மட்டும் நகலெடுக்காதீர்கள். அமைப்புகள் எல்லாம் சேரும் கோப்பு அதுதான், பழுதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கருவிப்பட்டைகளைக் கையால் மறுபடி அடுக்குவது கொஞ்ச நேர வேலை, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்பொருள் முடுக்கத்தை அணைத்ததும் திறந்தது என்றால் சுயவிவரத்தைத் தொட வேண்டாம். விண்டோஸில் 7.0 பதிப்பிலிருந்து திரையில் வரையும் வேலையை ஸ்கியா என்ற நூலகம் செய்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் அதனுடன் ஒத்துப்போகாதபோது தொடக்கத்திலேயே முறிவு வரலாம். டிரைவரைப் புதுப்பியுங்கள். அதுவரை ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், ஸ்கியாவை மென்பொருள் வழியாக மட்டும் இயங்கும்படி மாற்றிவைக்கலாம்.

ஜாவா இல்லாததுதான் காரணம் என்று யாராவது சொல்லக்கூடும். ஜாவா இல்லாமலே ரைட்டரும் கால்க்கும் திறக்கும். தரவுத்தளத்துக்கான பேஸ் போன்ற சில பகுதிகளுக்குத்தான் அது தேவை. கணினியில் விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால் விஷயம் வேறு: 25.8 பதிப்பிலிருந்து அவற்றுக்கும் 8.1-க்கும் ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்கு முந்தைய பதிப்பைத்தான் நிறுவ வேண்டும்.

உபுண்டுவில் பின்னாளில் இதே சிக்கல் வந்தால், முதலில் டெர்மினலிலிருந்து திறந்து பாருங்கள். ஐகான் மறைத்துவிடும் பிழைச் செய்தி அங்கே வரியாக வந்து விழும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சுயவிவரம் ஹோம் கோப்புறையில், புள்ளியுடன் தொடங்கும் கான்ஃபிக் என்ற மறைகோப்புறைக்குள் இருக்கிறது. கண்ட்ரோலுடன் ஹெச் அழுத்தினால் தெரியும். ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் என்ற லினக்ஸ் தொகுப்பு முறைகள் வழியாக நிறுவியிருந்தால் சுயவிவரம் வேறிடத்தில் இருக்கும்: ஸ்னாப்புக்கு ஹோமில் உள்ள ஸ்னாப் கோப்புறைக்குள், ஃபிளாட்பேக்குக்குப் புள்ளியுடன் தொடங்கும் வார் என்ற மறைகோப்புறைக்குள். எப்படி நிறுவினீர்கள் என்று பார்க்காமல் பெயரை மாற்றினால், வேறு எதையோ மாற்றிவிட்டு பலன் இல்லை என்று குழம்பிக்கொண்டிருப்பீர்கள்.

சேஃப் மோடிலும் திறக்காவிட்டால் மட்டும் மென்பொருளை நீக்கி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிய கோப்பைக் கொண்டு நிறுவுங்கள். அப்போதும் நின்றுபோனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறங்கள். முறிவு நேர்ந்த அதே நிமிடத்தில் ஒரு பிழைப் பதிவு இருக்கும், பழுதான மாட்யூலின், அதாவது மென்பொருள் பகுதியின், பெயரும் அதில் இருக்கும். அந்தப் பெயரையும் லிப்ரேஆஃபிஸ் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு சேர்ந்து பார்ப்போம்.