ஸ்கீ பின்னால் வழுக்குகிறதே, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 41 வயது. இந்தக் குளிர்காலத்தில்தான் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (நீண்ட ஸ்கீ பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிப் போவது) பழக ஆரம்பித்திருக்கிறேன். வாடகை ஸ்கீ, அடியில் செதில் செதிலாக வெட்டு போட்டிருக்கிறது. சமதளத்திலேயே காலை உதைத்தால் ஸ்கீ பின்னால் வழுக்கிவிடுகிறது. கோலை ஊன்றி ஊன்றித் தோள்பட்டை வலிதான் மிச்சம். சின்ன இறக்கத்தைப் பார்த்தாலே கால் நடுங்குகிறது. பக்கத்தில் ஸ்கேட் முறையில், ஸ்கீக்களை V வடிவில் விரித்துப் பக்கவாட்டில் தள்ளிப் போகிறவர்கள் பறக்கிறார்கள். பேசாமல் நானும் அதற்கே மாறிவிடலாமா?

பதில்: இப்போது மாற வேண்டாம். ஒற்றைக் காலில் முழு எடையையும் வைத்து வழுக்கிப் போகத் தெரியாததுதான் உங்களுக்கு இருக்கும் சிக்கல். ஸ்கேட் முறைக்கு அது இன்னும் கூடுதலாகவே வேண்டும். இப்போது நீங்கள் பழகும் கிளாசிக் முறையில், அதாவது இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துப் போகும் முறையில், அதைப் பழகிவிட்டால் தோள் வலியும் பெருமளவு போய்விடும்.

முதலில் ஸ்கீயின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கிளாசிக் ஸ்கீ நடுவில் வில்லாக மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு கால்களிலும் சமமாக நிற்கும்போது பாதத்துக்கு அடியில் உள்ள பகுதி பனியில் அழுந்தாது. முன்பகுதியும் பின்பகுதியும்தான் எடையைத் தாங்கும். பிடிப்புக்கான செதில்கள் இருப்பதோ அந்த நடுப்பகுதியில். உடலின் முழு எடையும் ஒரே ஸ்கீயின் மேல் வந்தால்தான் வளைவு தட்டையாகி, செதில் பனியைக் கவ்வும். எடையில் பாதி மற்றக் காலிலேயே தங்கிவிட்டால் எவ்வளவு பலமாக உதைத்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

ஆனால் தவறு ஸ்கீயிலும் இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுங்கள். வழவழப்பான கெட்டித் தரையில் இரண்டு ஸ்கீயிலும் சமமாக நின்றுகொண்டு, பாதத்துக்கு நேர் கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்தும்படி யாரிடமாவது சொல்லுங்கள். குதிகால் பக்கத்திலிருந்து விரல்களுக்கு ஒரு சாண் முன்னால் வரை அது நகர வேண்டும். பிறகு முழு எடையையும் அந்த ஒரு காலுக்கு மாற்றுங்கள். காகிதம் அசையாமல் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டவில்லை என்றால் ஸ்கீ உங்கள் எடைக்கு விறைப்பானது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் பலிக்காது. இரண்டு காலில் நிற்கும்போதே இறுக மாட்டிக்கொண்டால் அது மிகவும் தொய்வு. எப்போதும் உரசிக்கொண்டே வரும். உயரத்தை மட்டும் கேட்டு ஸ்கீ எடுத்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எடைதான் முக்கியம், அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கீ சரி என்றால், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் கோல்களை ஓரமாக வைத்துவிடுங்கள். சமதளமான தடத்தில் (ஸ்கீ ஓடுவதற்காகப் பனியில் அழுத்திப் போட்ட இணையான இரண்டு பள்ளங்கள்) 100 மீட்டர் போதும். கணுக்காலை மடக்கி, முழங்கால் பாதத்தின் முன்பகுதிக்கு மேலே வரும்படி நில்லுங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளுவது புதியவர்கள் எல்லாருக்கும் வரும் பழக்கம். அப்படி நின்றால் எடை குதிகாலுக்குப் போய்விடும். செதில் பகுதிக்கு அழுத்தமே கிடைக்காது. பார்வை ஸ்கீ நுனியில் இருக்கக் கூடாது, பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இதைவிடப் பயன்தரும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ஸ்கீயைக் கழற்றிவிட்டு, பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி மற்ற ஸ்கீயில் வழுக்கிப் போங்கள். பூட்ஸ் பட்டால் தடம் கெடும் என்பதால், இதைத் தடத்துக்கு வெளியே மிதித்து இறுகிய பனியில் செய்யுங்கள். ஒரே காலில் மூன்று நொடி வழுக்கும்வரை செய்துவிட்டுக் கால் மாற்றுங்கள். உதை என்பது கீழ்நோக்கிக் கொடுக்கும் குறுகிய அழுத்தம், பின்னால் இழுப்பது இல்லை என்பதைப் பூட்ஸ் கால் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு இரண்டு ஸ்கீயையும் மாட்டிக்கொண்டு நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு பாதங்களும் அருகருகே வரும் அந்தக் கணத்தில்தான் உதை தொடங்க வேண்டும். கால் பின்னால் போன பிறகு உதைத்தால் உடலின் எடை ஏற்கெனவே அதைவிட்டு முன்னால் போயிருக்கும். விரல் நுனியால் வெறும் பனியைச் சுரண்டுவீர்கள். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். காதையும் தீட்டி வையுங்கள்: பின்னாலிருந்து திரும்பும் ஸ்கீ, நிற்கும் காலுக்குப் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் இறங்க வேண்டும். பின்னாலேயே ‘டப்’பென்று அறைந்தால், வழுக்கும் காலுக்கு எடை முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

கோலை இதற்குப் பிறகு எடுங்கள். கிளாசிக் முறைக்குக் கோலின் நீளம் உயரத்தில் ஏறத்தாழ 83 சதவீதம், 160 செ.மீ. உயரமானவருக்கு 130 அல்லது 135 செ.மீ. கோல் சரியாக வரும். கோலின் பிடியில் உள்ள பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு பட்டையையும் பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். பாரம் பட்டையில்தான் தொங்க வேண்டும். விரல்கள் இறுக்கிப் பிடித்தால் முன்கையும் தோளும் இறுகிவிடும். கோலின் நுனி பாதத்துக்குப் பக்கத்தில், பின்னோக்கிச் சாய்ந்து இறங்கட்டும். தள்ளி முடிக்கும்போது கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போய், விரல்கள் தளர்ந்து விரிய வேண்டும்.

இனி இறக்கம். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. குதிகால் கட்டப்படாத, ஒல்லியான ஸ்கீ இது. தடத்துக்கான ஸ்கீக்களில் பெரும்பாலானவற்றுக்கு எஃகு விளிம்பும் கிடையாது. அதனால் வேகம் பிடித்த பிறகு நிறுத்தப் பார்க்காமல், வேகம் பிடிக்கும் முன்பே கட்டுப்படுத்துங்கள். இறக்கத்தின் உச்சியிலேயே நின்று, ஒவ்வொரு காலாகத் தடத்தைவிட்டு வெளியே வாருங்கள். ஸ்கீக்களின் முன்நுனிகளுக்கு இடையில் ஒரு கைமுட்டி இடைவெளி, பின்பகுதிகள் அகல விரிந்து, முழங்கால்கள் மடங்கி, உள்விளிம்புகளில் அழுத்தம், கைகள் கண்ணில் படும்படி முன்னால். கால் விறைத்து நிமிர்ந்து நின்றால் விளிம்பு பிடிக்காது. கீழே சமதளமாக முடியும் சின்னச் சரிவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கை மீறிப் போனால் பக்கவாட்டில் இடுப்பை இறக்கி உட்கார்ந்துவிடுங்கள். எழும்போது இரண்டு ஸ்கீயையும் உடலுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே வைத்த பிறகே முழங்காலில் எழ வேண்டும். அவை சரிவை நோக்கி இருந்தால் எழுவதற்குள் மறுபடி ஓடிவிடும். எழுந்ததும் தடத்தைவிட்டு விலகுங்கள், மேலிருந்து வருகிறவருக்கு வழி வேண்டும். பிடிக்காத இறக்கத்தில் ஸ்கீயைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குவதும் முறையான வழிதான்.

பனியின் நிலையையும் பாருங்கள். பகலில் உருகி இரவில் உறைந்த தடம் காலையில் கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும். அதில் செதில் யாருக்குமே சரியாகப் பிடிக்காது. 0 டிகிரியை ஒட்டிய புதுப்பனியிலோ நேர்மாறு: செதிலில் பனி ஒட்டிக் கட்டியாகி, ஸ்கீ நகரவே மறுக்கும். செதில் ஸ்கீக்கென்று உள்ள திரவ வேக்ஸைக் கிளம்பும் முன் தடவினால் இது குறையும். பழக ஏற்ற நாள் −2 முதல் −8 டிகிரி வரை, தடம் புதிதாகப் போட்ட நாள்.

உடையில் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உலராது. கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும்.

ஸ்கேட் முறைக்கு ஸ்கீ, பூட்ஸ், கோல் மூன்றுமே வேறு. ஸ்கீயில் பிடிப்புப் பகுதியே கிடையாது, கோல் உயரத்தில் 90 சதவீதம் அளவுக்கு நீளம். கோல் இல்லாமல் ஒவ்வொரு காலிலும் மூன்று நொடி வழுக்கி 100 மீட்டர் போக முடிகிறதா? அன்றைக்கு அந்த மூன்றையும் சேர்த்து ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.