பல் எடுத்த பின் தரும் வீக்க மாத்திரை

கேள்வி: கடைவாய்ப் பல்லை எடுத்த பிறகு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அட்டையில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., செரேஷியோபெப்டிடேஸ் 15 மி.கி. என்று இருக்கிறது. கடைசியில் உள்ளதை பாக்டீரியாவிலிருந்து எடுப்பார்களாமே! சாப்பிடலாமா? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாக்டீரியா என்பதற்காகப் பயப்பட வேண்டாம். பட்டுப்புழுவின் குடலில் கண்டெடுத்த செரேஷியா பாக்டீரியாவை வளர்த்து, அது சுரக்கும் நொதியை மட்டும் பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள். மாத்திரையில் உயிருள்ள கிருமி இருக்காது.

கேட்க வேண்டியது, அதனால் பலன் உண்டா என்பதைத்தான். இந்த நொதியை முதலில் விற்ற ஜப்பானின் டகேடா நிறுவனம், மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையில் கூடுதல் பலன் தெரியாததால் 2011இல் தானே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. நம் ஊரில் இன்னும் தாராளமாக எழுதுகிறார்கள். பல் எடுத்த வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே வடியும். பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

நொதி ஒரு புரதம். இரைப்பை அமிலம் பட்டால் சிதைந்துவிடும். அதனால்தான் குடலில் கரையும் பூச்சு. தனி மாத்திரையென்றால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உங்கள் கூட்டு மாத்திரையில்தான் சிக்கல்: வலி மருந்தான அசெக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார்கள், நொதிக்கோ வெறும் வயிறு வேண்டும். வயிற்றைக் காப்பதே முக்கியம், சாப்பிட்ட பிறகே போடுங்கள். காய்ச்சலென்று தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டால் இதில் உள்ளதையும் கணக்கில் சேருங்கள்.

வலியைக் குறைப்பது பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும்தான். முதல் நாள் கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். சற்று இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால் அது சீழ் கோத்ததாக இருக்கலாம். இந்த மாத்திரை அதற்கு ஆகாது, அன்றே டாக்டரிடம் போங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமென்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: இதய அடைப்புக்கு க்ளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடும் அப்பாவுக்கு, மூட்டு வீக்கத்துக்கு இதே மாத்திரை மிச்சம் இருக்கிறது. தரலாமா?
– வாசகர், சேலம்

பதில்: தராதீர்கள். க்ளோபிடோக்ரெல்லோடு அசெக்ளோஃபெனாக் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம், இதயத்துக்கும் அது நல்லதல்ல. செரேஷியோபெப்டிடேஸும் ரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூட்டுக்கு என்ன தரலாம் என்பதை அவருடைய இதய டாக்டரிடமே கேளுங்கள்.