லண்டனின் பார்பிகன் வளாகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி: வீடுகளும் கலை மையமும் சேர்ந்த லண்டனின் பார்பிகன் வளாகத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் கான்கிரீட் பூதம் என்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

நான் கொண்டாடுகிற கட்சி. லண்டனில் வேலை பார்த்த காலத்தில் கச்சேரி கேட்கவும், கச்சேரி இல்லாத நாளில் சும்மா நடக்கவும் அங்கே போவேன். 2003இல் ஒரு கருத்துக்கணிப்பில் லண்டனிலேயே மிக அசிங்கமான கட்டடம் என்று இதற்கு வாக்களித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 2001இல், பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்திருந்தார்கள்.

புகைப்படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. மேகம் மூடிய நாளில் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பக்கத்தில் போய் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். கான்கிரீட்டை வார்த்து, குறைந்தது மூன்று வாரம் இறுகவிட்டு, பிறகு தொழிலாளர்கள் கையில் பிடித்த இயந்திரச் சுத்தியலால் மேல்தோலைக் கொத்தி எடுத்தார்கள். சிமென்ட் உதிர, உள்ளே இருந்த கருங்கல் ஜல்லி வெளியே வந்தது. நம் வீடுகளில் அம்மி கொத்துவார்களே, அந்த வேலையை ஒரு பேட்டை முழுவதற்கும் செய்திருக்கிறார்கள். சாய்வெயில் விழும்போது ஒவ்வொரு கொத்துக்கும் தனி நிழல் உண்டு. இதைச் செலவு மிச்சம் பிடிக்கப் பூசாமல் விட்ட சுவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். தூசியும் அதிர்வும் நிறைந்த அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. 1966-67இல் இங்கே நீண்ட தொழிலாளர் போராட்டமே நடந்தது. பார்பிகனைப் புகழ்பவர்கள்கூட அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிதாக எழுந்தது என்பதற்குப் போர்தான் காரணம். 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மானிய விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில், இன்று பார்பிகன் நிற்கும் கிரிப்பிள்கேட் பகுதி எரிந்து தரைமட்டமானது. 1951இல் அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்கள் 48 பேர்தான். அலுவலகம் முடிந்ததும் ஆளற்றுப் போகிற இடத்துக்கு மறுபடியும் குடும்பங்களைக் கொண்டுவர நகராட்சி விரும்பியது. பக்கத்திலேயே கோல்டன் லேன் குடியிருப்பை வடிவமைத்திருந்த சேம்பர்லின், பவல், பான் என்ற மூன்று கட்டடக் கலைஞர்களிடம் பொறுப்பு போனது. வீடு, பள்ளி, இசைக்கல்லூரி, நூலகம், அரங்கம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் யோசித்தார்கள். சுமார் 2,000 வீடுகள், 40 மாடிகளைத் தாண்டும் மூன்று கோபுரங்கள், நடுவே ஒரு ஏரி. குண்டுவீச்சில் எரிந்தும் சுவர்களும் கோபுரமும் மிஞ்சிய செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தையும் ரோமானியர் காலத்து மதில் துண்டுகளையும் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டார்கள். கவிஞர் மில்டனின் கல்லறை அந்தத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. கலை மையம் 1982 மார்ச்சில் திறக்கப்பட்டது. சேம்பர்லின் அதைப் பார்க்கவில்லை, 1978இலேயே இறந்துவிட்டார்.

வீடுகளுக்கு நடுவே கலை மையத்தைத் திணிக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. கச்சேரி அரங்கத்தைப் பூமிக்குள் இறக்கினார்கள். பக்கத்தில் ஓடும் சுரங்க ரயிலின் தடத்தை நேராக்கி, அதிர்வு மேலே வராதபடி ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார வைத்தார்கள். நாடக மேடைக்கு மேலே திரைகளையும் காட்சிப் பலகைகளையும் தூக்கி வைக்க ஒரு கோபுரம் வேண்டும், அதை மட்டும் புதைக்க முடியாது. எதிர்வீட்டு ஜன்னலுக்கு அந்த மொட்டைச் சுவர் தெரியக்கூடாது என்று அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூரை போட்டு, பனையும் பெரணியும் படர்கிற தாவரக்கூடமாக ஆக்கிவிட்டார்கள். ஒரு சங்கடத்தை இவ்வளவு பெருந்தன்மையாகத் தீர்த்த கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாடக அரங்கில் இருக்கைகளுக்கு ஊடே நடக்கும் வழியே கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் இரு முனையிலும் சொந்தக் கதவு. நாடகம் தொடங்கும் நேரம் அத்தனை கதவுகளும் ஒன்றாக மூடிக்கொள்ளும்.

குறையே இல்லையா? உண்டு. காரையும் மனிதரையும் பிரிக்க வேண்டும் என்று நடைபாதைகளைத் தெருவுக்கு மேலே தூக்கிவிட்டார்கள். அதனால் உள்ளே அமைதி கிடைத்தது, ஆனால் வெளியே தெருவில் நடப்பவனுக்குக் கிடைத்தது கட்டடத்தின் முதுகுதான். வளாகத்துக்கு அடியில் ஓடும் பீச் தெரு ஏறக்குறைய ஒரு சுரங்கப்பாதை, அதில் நடப்பதில் எந்தச் சுகமும் இல்லை. வழி தவறுவது அங்கே சகஜம். தரையில் மஞ்சள் கோடு போட்டு வழிகாட்ட வேண்டிய நிலை வந்தது.

இதை ஏழைகளுக்குக் கட்டிய அரசுக் குடியிருப்பு என்று இங்கே சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள், அது சரியல்ல. தொடக்கத்திலிருந்தே நகரில் வேலை பார்க்கும் நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கத்துக்குச் சந்தை வாடகைக்கு விடத்தான் கட்டினார்கள். 1980களில் குடியிருப்போர் வீட்டை வாங்கிக்கொள்ளச் சட்டம் வழி செய்தது. இன்று அங்கே ஒரு சிறிய வீடுகூடச் சம்பளக்காரருக்கு எட்டாத விலை. ஆனால் ஏரிக்கரையும் மேல்நடைபாதையும் யாருக்கும் திறந்தே இருக்கின்றன, டிக்கெட் வேண்டாம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சில்க் தெரு வாசல் வழியாக நுழையாதீர்கள், அது ஏதோ அலுவலகத்துக்குள் போவது போலிருக்கும். பார்பிகன் ரயில் நிலையத்திலிருந்து நடைபாலத்தைக் கடந்து மேல்நடைபாதைக்கு வாருங்கள். ஏரிக்குள் நிற்கும் தூண்களின் மேல் எழுந்த கில்பர்ட் இல்லம் என்ற வீட்டுத் தொகுதிக்கு அடியில் நடந்து, பிறகு கீழே தண்ணீரோரம் இறங்குங்கள். தாவரக்கூடம் எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துப் போவது நல்லது.